என்டிபி தலைமைத் தேர்தல்: நாடாளுமன்றத்தில் ஒருநாளும் இருந்திராதவருக்கு முதலிடம் கொடுக்கலாமா?

வெண்பனி (கேள்வி)

வணக்கம். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து ஆட்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள், கட்சி வேலை செய்த அனுபவமும் சிலருக்கு இருக்கிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் கனடாவின் இடதுசாரிக் கட்சியான என்டிபியில் (புதிய ஜனநாயகக் கட்சி) உறுப்பினர். 2026 மார்ச் 29 வின்னிபெக்கில் புதிய தலைவரை அறிவிக்கப் போகிறார்கள். ஒருவருக்குப் புள்ளடி போட்டுவிட்டு வருகிற வாக்கு இல்லை இது, 1, 2, 3 என்று வரிசைப்படுத்த வேண்டும். ஐந்து பேர் நிற்கிறார்கள். அதில் இப்போது நாடாளுமன்றத்தில் இருப்பவர் எட்மன்டன்காரர் ஹெதர் மக்பெர்சன் ஒருவர்தான். ஏவி லூயிஸ் ஆவணப்படம் எடுத்தவர், தொலைக்காட்சியில் இருந்தவர், 2021இலும் 2025இலும் நின்று தோற்றவர். றொப் ஆஷ்டன் துறைமுகத் தொழிலாளி, மேற்குக்கரைத் துறைமுகத் தொழிற்சங்கத்தின் தலைவர், 2023 ஜூலையில் பிரிட்டிஷ் கொலம்பியாத் துறைமுகங்கள் நின்றுபோன வேலைநிறுத்தத்தை நடத்தியவர். மற்ற இருவர் டனில் ஜான்ஸ்டன், டோனி மக்குவெயில்.

என் மனம் ஆஷ்டன் பக்கம் போகிறது. அப்பா 22 வருஷம் கிடங்கில் இரவு வேலை. காலையில் நான் பள்ளிக்கூடம் வெளிக்கிடும்போது அவர் சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் தூங்கிக்கொண்டிருப்பார். அப்படி வேலை செய்த ஒருவர் தலைவராக வந்து பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் அப்பாவே வேண்டாம் என்கிறார். "கட்சி மூழ்கிக்கொண்டு இருக்கிறது, இந்த நேரத்தில் படகு ஓட்டிப் பழகாத ஆளிடமா துடுப்பைக் கொடுப்பாய்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் வரவில்லை.

2011இல் எனக்குப் பதினாறு வயது. ராதிகா சிற்சபைஈசனுக்காக ஸ்காபரோ ரூஜ் ரிவர் தொகுதியில் அடுக்குமாடி அடுக்குமாடியாகத் துண்டுப்பிரசுரம் போட்டேன். ஒரு அம்மம்மா கதவைப் பாதி திறந்து, "கட்சியை விடு பிள்ளை, எங்கட பிள்ளையோ அது?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு பையில் நாலு உளுந்துவடை சுற்றிக் கொண்டுவந்து தந்தார். மே 2 இரவு முதல் தமிழ் எம்பி வந்துவிட்டார், கட்சி 103 இடத்தோடு எதிர்க்கட்சி ஆகிவிட்டது. போன வருஷம் ஏப்ரலில் அதே தெருக்களில் நடந்தேன். ஒன்ராறியோ முழுக்க எங்களுக்கு ஒரு இடம்கூட இல்லை. நாடு முழுக்க 7. அப்போதைய தலைவர் ஜக்மீத் சிங் தன் சொந்தத் தொகுதியிலேயே மூன்றாவதாக வந்தார்.

வெளியாள் ஒருவர் இந்த நிலையில் தலைமைக்கு வரலாமா? வந்தால் தாங்குவாரா? யாரைப் பிடிக்கும் என்று கேட்கவில்லை, இதைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்.

மோர்னிங்சைட்_அண்ணை

தங்கச்சி, உங்கள் அப்பா சொன்னதோடு எனக்கு உடன்பாடு. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் லிபரல் ஆள். 2011இல் நீங்கள் துண்டுப்பிரசுரம் போட்ட அதே நாட்களில் நானும் அந்தப் பக்கம் கதவு தட்டிக்கொண்டிருந்தேன், எதிர் அணிக்கு. அப்போது எங்கள் தலைவர் மைக்கேல் இக்னாட்டியெஃப். எழுத்தாளர், ஹாவர்ட் பேராசிரியர், மனித உரிமை பற்றி உலகமே கேட்கப் பேசுகிறவர். லிபரல் ஆட்கள் மூன்று பேர் 2004இல் பாஸ்டனுக்கே போய் "வாருங்கள்" என்று கேட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். 2006 தேர்தலில் எம்பி, அதே வருஷக் கடைசியில் மொன்றியல் மாநாட்டில் தலைமைக்கு நின்று ஸ்டெஃபான் டியோனிடம் தோல்வி, 2008 டிசம்பரில் இடைக்காலத் தலைவர், 2009 மேயில் முழுத் தலைவர். நாங்கள் எல்லாம் அடுத்த பிரதமர் என்றே நினைத்தோம்.

கன்சர்வேட்டிவ்கள் 2009இலேயே விளம்பரத்தைத் தொடங்கிவிட்டார்கள். "சும்மா வந்து போக வந்தவர்" என்று ஒரே ஒரு வரி. முப்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்ட வெளிநாட்டில் இருந்தார், இப்போது பதவிக்காக வந்திருக்கிறார் என்று. இரண்டு வருஷம் அது ஓடியது. நாங்கள் பதில் விளம்பரம் போடக் காசு இல்லை, காசு இருந்தபோது இது தானாக அடங்கிவிடும் என்று நினைத்தோம்.

அடங்கவில்லை. நான் கதவு தட்டினால் திறக்கிற ஆள் அந்த விளம்பர வசனத்தை அப்படியே எனக்குத் திருப்பிச் சொல்வார். அதைச் சொன்னவர்களில் பாதிப் பேர் எங்கட ஆட்கள். தொண்ணூறில் கொழும்பு, பாங்கொக், மொஸ்கோ என்று சுற்றி இங்கே வந்து சேர்ந்தவர்கள், இன்றைக்கும் ஊரில் காணி வைத்திருப்பவர்கள், "அவர் நாட்டை விட்டுப் போனவர்தானே" என்று சொன்னார்கள். அதைக் கேட்டுக்கொண்டு படியிறங்கி வந்தபோது வந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. தேர்தல் முடிவு உங்களுக்குத் தெரியும்: 34 இடம், கட்சி வரலாற்றில் முதல்முறையாக மூன்றாம் இடம், இக்னாட்டியெஃப் எட்டோபிக்கோவில் தன் இடத்தையும் இழந்தார்.

படித்தவர், நல்லவர், உழைத்தவர். ஆனால் நொந்துபோன கட்சிக்கு வெளியாள் தலைவராக வந்தால், அவர் யார் என்று அவர் சொல்வதற்கு முன்னாலேயே எதிராளி சொல்லி முடித்துவிடுவான். பலமான கட்சி என்றால் அந்த அடியைத் தாங்கிக்கொண்டு ஆளை நிமிர்த்தும். உங்கள் கட்சியிடம் அந்தப் பலம் இப்போது இல்லை.

பிறம்டன்_காற்று

அண்ணை, அப்படியென்றால் மார்க் கார்னி எப்படி? ஒரு தேர்தலிலும் நின்றிராத மனிதர். கனடா மத்திய வங்கி, அப்புறம் இங்கிலாந்து வங்கி, அப்புறம் தனியார் கம்பெனி. 2025 மார்ச் 9 லிபரல் தலைமையை 85.9 சதவீதத்தோடு எடுத்தார், ஏப்ரல் 28 தேர்தலில் 169 இடம். ஜனவரியில் கருத்துக்கணிப்பில் இருபது புள்ளிக்கு மேல் பின்னால் கிடந்த கட்சி! கன்சர்வேட்டிவ் தலைவர் பொலியேவ்ர் தன் சொந்தத் தொகுதியில் தோற்றார். வெளியாள் என்பதாலேயே வென்றார், முந்தைய பிரதமர் ட்ரூடோவின் ஒன்பது வருஷம் அவர் தலையில் விழவில்லை. என் ஓட்டு வெளியாளுக்குத்தான்.

மோர்னிங்சைட்_அண்ணை

கார்னிக்கும் நான் வேலை செய்தேன், அதனால் சொல்கிறேன். தலைவரான அன்றைக்கும் தேர்தலுக்கும் நடுவில் ஏழு கிழமைதான். ஆளைக் கிழிக்க எதிராளிக்கு நேரமே கிடைக்கவில்லை. இக்னாட்டியெஃபைக் கிழிக்க இரண்டு வருஷம் இருந்தது. அதோடு கார்னி எடுத்தது ஆளும் கட்சியை. ஐந்து நாளில் பிரதமர். டிரம்ப் வரி, "51ஆவது மாநிலம்" என்று மிரட்டிய நேரத்தில் வங்கி ஆளுநராக இருந்தவர் என்பது ஒரு தகுதியாக வந்து நின்றது. என்டிபியில் மார்ச் 29 வெல்கிறவருக்கு பிரதமர் கதிரை காத்துக்கொண்டிருக்கவில்லை.

பொருளாளர்_2011

இதுவரை எழுதியதை எல்லாம் வாசித்தேன். நான் என்டிபி தொகுதிச் சங்கம் ஒன்றில் கணக்குப் பார்க்கிறவன். எந்தத் தொகுதி என்று வேண்டாம். எங்களுக்குள் நடக்கிற கதை வெளியில் வருவதில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

தேர்தலில் ஒரு வேட்பாளர் 10 சதவீதம் வாக்கு எடுத்தால் அவர் செய்த தேர்தல் செலவில் 60 சதவீதம் அரசாங்கத்திடமிருந்து திரும்பி வரும். போன வருஷம் எங்கள் ஆட்கள் பெரும்பாலான தொகுதிகளில் அந்தப் பத்தை எட்டவில்லை. எங்கள் தொகுதியும் எட்டவில்லை. அந்தக் காசு வரும் என்று நம்பித்தான் அலுவலக வாடகை, பதாகை, தொலைபேசி எல்லாம் கடனில் எடுத்தோம். வேட்பாளரும் நானும் இன்னொரு அக்காவும் ஜூன் மாதம் முழுக்க ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் வைத்துக்கொண்டு, யாரிடம் தவணை கேட்கலாம் என்று உட்கார்ந்திருந்தோம். பதாகை அடித்துக் கொடுத்த தம்பி எங்கட ஆள்தான். "அண்ணை, பொறுமையாத் தாங்கோ" என்றார். அவருக்குக் கடைசிப் பணம் நவம்பரில்தான் கொடுத்தேன்.

ஒட்டாவாவில் இதைவிட மோசம். நாடாளுமன்றத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் 12 பேர் வேண்டும். தேர்தலில் வந்தது 7 பேர். 12 இல்லாவிட்டால் குழுக்களில் நிலையான இடம் இல்லை, கேள்வி நேரத்தில் தினமும் எழும்ப முடியாது, ஆய்வு அலுவலகத்துக்கு நிதி இல்லை. மார்ச் 30 திங்கட்கிழமை காலை புதிய தலைவர் வேலைக்கு வந்தால் அவருக்காகக் காத்திருப்பது இதுதான்.

இப்போது வெளியாள் கேள்விக்கு வருகிறேன். எல்லாரும் ஜாக் லேட்டனை எங்கள் கட்சியின் வீட்டுப்பிள்ளை என்று நினைக்கிறார்கள். 2003 ஜனவரியில் அவர் தலைவரானபோது அவர் எம்பி இல்லை! ரொறன்ரோ நகரசபை உறுப்பினர். 1991இல் மேயருக்கு நின்று தோற்றவர். 1993இலும் 1997இலும் நாடாளுமன்றத்துக்கு நின்று இரண்டு முறையும் தோற்றவர். எதிரே நின்றவர் பில் பிளேக்கி, இருபது வருஷத்துக்கு மேல் எம்பி, சபை விதி எல்லாம் கரைத்துக் குடித்தவர். உறுப்பினர்கள் முதல் சுற்றிலேயே லேட்டனைத் தெரிவு செய்தார்கள். அப்போது கட்சியும் நல்லாக இல்லை, 2000 தேர்தலில் 13 இடம்தான். ஒன்றரை வருஷம் சபைக்குள் கதிரை இல்லாத தலைவர். வாசலில் நின்று நிருபர்களோடு பேசினார், மற்ற நேரமெல்லாம் நாடு முழுக்கத் திரிந்தார். 2004இல்தான் ரொறன்ரோ டான்ஃபோர்த்தில் வென்றார். அதன் பிறகு கணக்கைப் பாருங்கள்: 19, 29, 37, 103. நாலு தேர்தல். எட்டு வருஷம்.

ஆகவே "நாடாளுமன்றத்தில் இருந்திராதவர்" என்பதால் மட்டும் ஒருவரைத் தள்ளிவிட முடியாது தங்கச்சி. லேட்டன் ஒட்டாவாவுக்கு வெளியாள், ஆனால் தெருவுக்கு வெளியாள் இல்லை. இருபது வருஷமாக ரொறன்ரோவில் வாடகை வீட்டுக்காரர், வீடற்றவர், சைக்கிள் ஓட்டுகிறவர் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் இருந்த மனிதர். இக்னாட்டியெஃபுக்கு அது இல்லாமல் போனது. லூயிஸை எடுத்தால் கதை வேறு. அவர் தாத்தா டேவிட் லூயிஸ் இந்தக் கட்சியின் தேசியத் தலைவராக இருந்தவர், அப்பா ஸ்டீபன் லூயிஸ் ஒன்ராறியோக் கட்சியின் தலைவராக இருந்தவர். அவரை வெளியாள் என்று எப்படிச் சொல்வது? ஆனால் தேர்தலில் இன்னும் வென்றிருக்கவில்லை. ஆஷ்டன் கட்சி அலுவலகத்துக்குப் புதியவர், ஆனால் வேலைத்தளத்துக்கு நூறு வீதம் உள்ளாள். யார் எதற்கு வெளியே நிற்கிறார்கள் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

எனக்கு இருக்கிற பயம் வேறு. எங்கள் கட்சிக்கும் தோற்ற தலைவரை வைத்திருக்கும் பொறுமை போய்விட்டது. 2015இல் லேட்டனுக்குப் பிறகு வந்த தலைவர் முல்கேர் 44 இடம் எடுத்தார், இன்றைக்கு அந்த 44 கிடைத்தால் நாங்கள் தெருவில் ஆடுவோம். 2016 எட்மன்டன் மாநாட்டில் 52 சதவீதம் பேர் புதிய தலைவர் வேண்டும் என்று வாக்களித்தார்கள். நானும் அந்த மண்டபத்தில் இருந்தேன், நானும் அப்படித்தான் போட்டேன். அது பிழை என்று இன்றைக்கு நினைக்கிறேன். லேட்டன் மாதிரி ஒரு ஆள் இன்றைக்கு வந்து முதல் தேர்தலில் 19 எடுத்தால் அவருக்கு நாங்கள் இரண்டாவது தேர்தல் கொடுப்போமா?

வெண்பனி

பொருளாளர் அண்ணா, லேட்டன் இரண்டு முறை தோற்றவர் என்பது எனக்குத் தெரியாது. 2011இல் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டி நின்ற படம்தான் மனதில் இருக்கிறது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று யாரும் சொல்லித்தரவில்லை. அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "19, 29, 37" என்று அவரும் விரலில் எண்ணினார். ஆனாலும் "தெருவில் இருந்த ஆள் சரி, தொழிற்சங்க ஆட்களே போன தடவை உங்களுக்குப் போடவில்லையே" என்கிறார். வின்ட்சர் பற்றித்தான் சொல்கிறார்.

மொன்றியல்_கறுவா

அக்கா, வின்ட்சர் வெஸ்ட் கார்த் தொழிலாளர் ஊர், பிறையன் மாஸ் 2002இலிருந்து வைத்திருந்த இடம், அது கன்சர்வேட்டிவுக்குப் போனது. உங்கள் அப்பா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். எனக்கு அதுதான் ஆஷ்டன் மாதிரி ஒருவருக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்று சொல்கிற காரணமும். அந்த ஆட்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர் போய்க் கேட்டால்தான் ஏன் போனார்கள் என்று உண்மையைச் சொல்வார்கள்.

ஆனால் மொன்றியலில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது: பிரெஞ்சு. 2011இல் வந்த 103இல் 59 பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் வந்தவை. 2025இல் இங்கே வந்தது ஒன்றே ஒன்று. நவம்பரில் இங்கே நடந்த பிரெஞ்சு விவாதத்தைப் பார்த்தேன், பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே போனது. என் மகள் ஏழாம் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் எல்லாமே பிரெஞ்சு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, இவர்களுக்கு நாங்கள் தேவையில்லையா?" என்று கேட்டாள். கெவின் ஓ'லியரி ஞாபகம் இருக்கிறதா? தொலைக்காட்சிப் பணக்காரர், 2017 ஜனவரியில் கன்சர்வேட்டிவ் தலைமைக்கு வந்தார், அதுவும் பிரெஞ்சு விவாதம் முடிந்த அடுத்த நாள் பார்த்து. ஏப்ரலில் கியூபெக்கில் தன்னால் இடம் பிடிக்க முடியாது என்று தானே விலகினார். முன்னணியில் இருந்த ஆள்.

ஆனால் பிரெஞ்சு தெரியாமல் வருவதும், வந்த பிறகும் படிக்காமல் இருப்பதும் ஒன்றில்லை. ரூத் எலன் புரோசோவை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். 2011இல் ஒட்டாவாவில் பல்கலைக்கழக மதுச்சாலை ஒன்றில் உதவி மேலாளர். கட்சி பெயர்ப்பட்டியலை நிரப்பத்தான் அவரை நிறுத்தியது. தொகுதிக்கு ஒருநாளும் போனதில்லை, பிரெஞ்சு பெரிதாக வராது, தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது லாஸ் வேகாஸில் விடுமுறை. வென்றுவிட்டார்! நாடே சிரித்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பிரெஞ்சு படித்தார், தொகுதியில் போய்க் குடியிருந்தார், பால் பண்ணைக்காரர்களின் பிரச்சினையை எடுத்துப் பேசினார். 2015இல் கியூபெக்கில் எங்கள் இடங்கள் 59இலிருந்து 16ஆக விழுந்தபோது அந்த 16இல் அவரும் ஒருவர். இதற்கு மேல் ஒரு வெளியாள் இருக்க முடியுமா?

அதனால் வரிசைப்படுத்துவதற்கு முன்னால் அவரவர் குழுவுக்கு எழுதிக் கேளுங்கள். கிழமைக்கு எத்தனை மணி நேரம் பிரெஞ்சு படிக்கிறார்கள், எந்தத் தொகுதியில் எப்போது நிற்பார்கள், தோற்றால் என்ன செய்வார்கள். நான் மூன்று பேருக்கு எழுதியிருக்கிறேன்.

மோர்னிங்சைட்_அண்ணை

தம்பி, அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். இக்னாட்டியெஃப் தோற்ற அடுத்த நாளே தலைமையிலிருந்து விலகினார், அப்புறம் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்குப் படிப்பிக்கப் போனார். அவரைக் குறை சொல்லவில்லை, மனிதருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும். ஆனால் அவருக்காகக் கதவு தட்டிய எங்களுக்கு அன்றைக்குப் போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை. அதே வருஷம் மாகாணத் தேர்தல், அதற்கடுத்து நகரசபை விஷயம், அதே தெரு, அதே கதவு. லேட்டன் 1997இல் தோற்ற பிறகு நகரசபையில்தான் இருந்தார் என்று இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன். பொருளாளர் சொன்ன வித்தியாசம் எனக்கு விளங்குகிறது. வெளியாளே வேண்டாம் என்று முதலில் எழுதினேன், அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். போக வேறு இடம் இருக்கிற வெளியாள் வேண்டாம்.

பொருளாளர்_2011

அண்ணை, அது சரி. ஆனால் எம்பிக்கும் போக இடம் உண்டு, அதையும் எண்ணுங்கள். மக்பெர்சனைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அது நியாயமில்லை. அல்பேர்ட்டாவில், சுற்றிவரக் கன்சர்வேட்டிவ் இருக்கிற இடத்தில், மூன்று தேர்தல் தொடர்ந்து வென்ற பெண். போன ஏப்ரலில் எல்லாம் இடிந்து விழுந்தபோதும் விழாமல் நின்றவர். வெல்வது எப்படி என்று தெரிந்த ஆளை, அவர் "உள்ளாள்" என்பதற்காகக் கீழே தள்ளிவிடாதீர்கள். என் சீட்டில் அவருக்கு 2.

வெண்பனி

எல்லாருக்கும் நன்றி. இரவு அப்பாவோடு உட்கார்ந்து மொன்றியல் தம்பி சொன்ன மூன்று கேள்வியையும் எழுதி, நாலாவதாக அப்பாவின் கேள்வியையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். அவர் கேட்கச் சொன்னது: "முதல் தேர்தலில் 19 இடம்தான் வந்தால், அதற்கு அடுத்த தேர்தலுக்கும் ஸ்காபரோவுக்கு வருவீர்களா?" ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று இரண்டு பேரும் அரை மணி நேரம் மாரடித்தோம்.

ஒரு சின்ன விஷயம். அப்பாவும் உறுப்பினர் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். 2011இலிருந்து வருஷா வருஷம் காசு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார், ஒருவரிடமும் சொல்லவில்லை. அவருக்கு மின்னஞ்சல் இல்லை. அவருடைய வாக்குக்குரிய விவரம் தபாலில் வருமா, நாங்கள் யாருக்காவது போன் எடுக்க வேண்டுமா? பொருளாளர் அண்ணா, தெரிந்தால் சொல்லுங்கள்.

பொருளாளர்_2011

தபாலில் வரும் என்று நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். நாளைக்குக் காலையே கட்சி அலுவலகத்துக்குப் போன் எடுத்து அவருடைய விலாசமும் போன் நம்பரும் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள், அப்படியே எந்த வழியில் வாக்களிக்கலாம் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவையே பேசச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். வரிசையில் நிறைய நேரம் காத்திருக்க வைப்பார்கள், போனை வைத்துவிடாதீர்கள்.